எடை சரியாகத்தான் இருக்கிறது



பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஓர் அட்டவணை உண்டு. இந்தப் பக்கம் வைட்டமின், நடுவில் நோய், அந்தப் பக்கம் உணவு. வைட்டமின் சி, ஸ்கர்வி, நெல்லிக்காய். 'பொருத்துக' பகுதியில் கடைசி பெஞ்சுக்காரனுக்கும் மதிப்பெண் வாங்கித் தரும் கேள்வி அது. அதை எழுதியவர்களில் சிலர் மருத்துவம் படித்தார்கள், பிறகு குழந்தை மருத்துவத்தில் பட்ட மேற்படிப்பும் படித்தார்கள். ஆனால் அந்த ஸ்கர்வி ஒரு பிள்ளையின் உருவில் அவர்கள் முன்னால் வந்து உட்காரும்போது பல சமயம் அடையாளம் தெரிவதில்லை. கப்பல் மாலுமிகளோடு ஒழிந்துபோன நோய் என்று நாம் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டோம்.

அது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை. முதலில் லேசாக நொண்டும். பிறகு மாடிப்படி ஏறாது. பிறகு தரையில் காலே ஊன்றாது. தூக்கப் போனால் அலறும். ஈறு கொஞ்சம் வீங்கியிருக்கும், பல் துலக்கும்போது ரத்தம் வரும். அதைப் பல் மருத்துவர் தனியாகப் பார்த்திருப்பார். கால் வலிக்கு எலும்பு மருத்துவர். இரத்தப் பரிசோதனையில் சோகை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் எலும்பு மஜ்ஜையில் ஏதோ மாற்றம் தெரிகிறது என்று அறிக்கை வரும். அந்த ஒரு வரி போதும், வீடு இரவெல்லாம் விழித்திருக்கும். இரத்தப் புற்றுநோயா, எலும்பில் சீழா, மூட்டுவாதமா என்று ஒவ்வொன்றாகத் தேடுவார்கள். மஜ்ஜையை ஊசி போட்டு எடுத்துப் பார்ப்பார்கள். உலகின் பல நாடுகளிலிருந்து மருத்துவ இதழ்களில் வெளிவந்த அறிக்கைகளை வரிசையாகப் படித்தால் இந்தக் கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியில் யாரோ ஒருவர், பெரும்பாலும் அந்தக் குழுவின் இளைய மருத்துவர், "பையன் என்ன சாப்பிடுகிறான்?" என்று கேட்கிறார்.

அந்தக் கேள்வியையும் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். என் அறையில் நடந்த ஓர் உரையாடலை அப்படியே சொல்கிறேன்.

"பையன் என்னம்மா சாப்பிடுறான்?"

"எல்லாம் சாப்பிடுவான் டாக்டர்."

"நேத்து காலைல எழுந்ததுல இருந்து வரிசையா சொல்லுங்க."

"எழுந்ததும் ஒரு டம்ளர் பால், பிஸ்கட் தொட்டுக்குவான். அப்புறம் ஒரு தோசை."

"தொட்டுக்க?"

"ஒண்ணும் வேணாம் டாக்டர், வெறும் தோசைதான். ஓரம் முறுகலா இருந்தா பிச்சு ஒதுக்கி வெச்சிருவான்."

"மத்தியானம்?"

"தயிர் சாதம். தாளிக்கக் கூடாது. ஒரு கடுகு கண்ணுல பட்டாலும் தட்டைத் தள்ளிருவான்."

"பழம்?"

அம்மா பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பாட்டிதான் சொன்னார்: "வாழைப்பழத்தை உரிச்சாலே அடுத்த ரூமுக்கு ஓடிருவான் டாக்டர். வாசனை ஆகாது அவனுக்கு. மூணு வயசு வரைக்கும் ஆரஞ்சு தின்னுக்கிட்டிருந்த பிள்ளைதான்."

"எல்லாம் சாப்பிடுவான்" என்று அந்த அம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கொடுத்ததையெல்லாம் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறான், உண்மைதான். அவன் எதை ஏற்பான் என்று தெரிந்து அதை மட்டுமே கொடுக்க வீடு பழகிக்கொண்டது. இன்னொன்றும் உண்டு. "பிள்ளைக்கு ஒழுங்காகச் சாப்பிடக்கூடக் கற்றுக்கொடுக்கவில்லை" என்ற பேச்சை அவர் மாமியார் வீட்டில், கல்யாண வீட்டில், பள்ளி வாசலில் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். மருத்துவரிடமும் அதையே கேட்க அவருக்குத் தெம்பில்லை.

இப்போது அந்தப் பட்டியலைப் பாருங்கள். பால், பிஸ்கட், தோசை, தயிர்ச்சோறு. மாலையில் ஒருவேளை இட்லி. இதில் எதையும் கெட்ட உணவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடைத்தீனி கொடுத்துக் கெடுத்தார்கள் என்று குற்றம் சாட்டவும் வழியில்லை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டினாலும் வைட்டமின் சி கிட்டத்தட்டப் பூஜ்யம். பாலில் இருக்கும் கொஞ்சநஞ்சத்திலும் ஒரு பகுதி காய்ச்சும்போது போய்விடும். அரிசியிலும் உளுந்திலும் அது இல்லை.

எவ்வளவு வைட்டமின் சி தேவை என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், போரில் துப்பாக்கி தூக்க மறுத்த இளைஞர்கள் தாமாக முன்வந்து வைட்டமின் சி இல்லாத உணவை மாதக்கணக்கில் உண்டார்கள். ஸ்கர்வி வந்தது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் கொடுத்ததும் ஆறியது. நலமாக வாழ இதைவிடக் கூடுதலாக வேண்டும். ஆனால் ஸ்கர்வி வராமல் தடுக்க அந்த 10 போதும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. அதாவது நாளுக்கு ஒரு கடி கொய்யா கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளையின் காலுக்கு எதுவும் ஆகியிருக்காது.

காலில் ஏன் வருகிறது என்று மாணவர்கள் யோசிக்கலாம். நம் உடலின் இழைகளைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் முறுக்கேறி நிற்க வைட்டமின் சி தேவை. அது இல்லாவிட்டால் மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியும். வளரும் எலும்பின் மேலுறைக்கு அடியில் இரத்தம் தேங்கும்; அந்த வலிதான் பிள்ளையை நிற்கவிடாமல் செய்கிறது. ஆடும் நாயும் தமக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தாமே உற்பத்தி செய்துகொள்கின்றன. மனிதனுக்கும் குரங்குக்கும் கினிப்பன்றிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. வாய்வழியாக வந்தால்தான் உண்டு.

இப்படி வரும் பிள்ளைகளில் பலர் ஆட்டிசம் உள்ளவர்கள்; அவர்களின் எடையைப் பார்த்தால் நாம் ஏன் ஏமாறுகிறோம் என்பது புரியும். அட்லாண்டாவைச் சேர்ந்த வில்லியம் ஷார்ப் குழுவினர் 2013-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு உணவுச் சிக்கல் வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைப் போல ஐந்து மடங்கு. கால்சியமும் புரதமும் அவர்கள் உணவில் குறைவு. ஆனால் உயரத்திலும் எடையிலும் மற்றப் பிள்ளைகளிடமிருந்து குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2021-இல் வேறு ஆய்வாளர்களிடமிருந்து இன்னொரு தொகுப்பு வந்தது. ஆட்டிசமும் மிகக் குறுகிய உணவும் சேர்ந்து, சத்துக்குறைவு நோயில் கொண்டுபோய் விட்ட 76 பேரின் விவரங்கள் அதில் இருந்தன. பத்தில் ஏழு பேருக்கு ஸ்கர்வி. அடுத்த இடத்தில் வைட்டமின் ஏ குறைவால் வந்த கண் நோய்கள். பெரும்பாலோரின் எடை இயல்பாகவே இருந்தது.

நம் அங்கன்வாடியில் எடை பார்க்கிறோம், உயரம் பார்க்கிறோம், புஜத்தைச் சுற்றி நாடா பிடிக்கிறோம். மெலிந்த குழந்தையைக் கண்டுபிடிக்க உருவான முறை இது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் அரிசியும் பாலும் மாவுச்சத்தும் கொழுப்பும் கொடுத்துக்கொண்டே இருப்பதால் நம் பையனின் கோடு வளர்ச்சி அட்டையில் ஒழுங்காக மேலேறும். "எடை சரியாகத்தான் இருக்கிறது" என்று நாம் எழுதும் அந்த ஒரு வரி, அடுத்த கேள்வி கேட்கப்படாமலேயே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

வசதியான வீட்டில் சத்துக்குறைவு என்பது புதிய செய்தி இல்லை. 1883-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் பார்லோ ஒரு கட்டுரை எழுதினார். 'கடுமையான ரிக்கெட்ஸ்' என்று அன்றைய மருத்துவர்கள் அழைத்துவந்த நோயின் அடிப்படை ஸ்கர்விதான் என்று அதில் நிறுவினார். அந்தக் காலத்தில் ஏழை வீட்டுக் குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைத்தது. காசுள்ள வீட்டில் டப்பாப் பால், புட்டியில் வரும் சத்து மாவு. 1898-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 379 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டியது. பெரும்பாலோர் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். நியூயார்க்கில் ஆல்ஃபிரெட் ஹெஸ் என்ற மருத்துவர், காப்பகத்தில் இருந்த பச்சிளம் குழந்தைகளுக்கு ஆரஞ்சுச் சாற்றை நிறுத்திப் பார்த்து ஸ்கர்வியை வரவழைத்தார். அறிவு வளர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் யாருடைய பிள்ளைகளின் எலும்பில் வளர்ந்தது என்பதை மருத்துவ மாணவர்கள் மறக்கக் கூடாது.

ஸ்கர்வி அபூர்வம்; அதைப் பற்றி நீண்ட நேரம் பேசியது, அதன் விளைவு கண்ணுக்குத் தெரியும் என்பதற்காக. அன்றாடம் நடப்பது பால் சோகை. ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை, கொழுகொழுவென்று வெளிறிய நிறத்தில் இருக்கும். "எங்க பாப்பா நல்ல கலர்" என்று வீட்டார் பெருமைப்படுவார்கள். உதட்டின் உட்புறத்தைப் புரட்டிப் பார்த்தால் வெள்ளை. சோறு வேண்டாம், பருப்பு வேண்டாம், பால் மட்டும் எப்போதும் வேண்டும். தூக்கத்தில் இரண்டு புட்டி, விழித்தபின் நான்கு.

ஒரு லிட்டர் பசும்பாலில் இரும்புச்சத்து சுமார் அரை மில்லிகிராம்தான். அதிலும் உடல் எடுத்துக்கொள்வது பத்தில் ஒரு பங்கு. 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 8 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. போதாததற்குப் பாலின் கால்சியமும் கேசீனும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உள்ளே விடாது. ஒரு வயதுக்குள் பசும்பால் கொடுத்தால் சில குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிகிறது. பாலை ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் நாட்டின் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. எல்லாவற்றுக்கும் பால் காரணமில்லை. ஆனால் பால் குடித்தால் பயமில்லை என்று நாம் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு அதில் பங்குண்டு.

இரும்பு குறைந்தால் பசி மந்தப்படும். துத்தநாகம் குறைந்தால் நாக்கின் சுவை கெடும். ஈறு வீங்கினால் கடித்து மெல்ல முடியாது. ஏற்கெனவே ஐந்து உணவு மட்டும் உண்ணும் பிள்ளை மூன்றுக்கு இறங்கும். பிடிவாதம் முற்றிவிட்டது என்று வீடு நினைக்கும். உண்மையில் அங்கே பேசுவது நோய்.

வேலூரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது நம் மண்ணில் நடந்த கண்டுபிடிப்பு. 1962-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் 'லான்செட்' இதழில் சில கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். தாய்ப்பாலிலேயே வளர்ந்த குழந்தைகள். உட்கார்ந்த பிள்ளை உட்காரவில்லை, சிரித்த பிள்ளை சிரிக்கவில்லை. விரல் முட்டிகளில் கருமை. சோகை. உடலில் கட்டுப்பாடில்லாத அசைவுகள். தாயின் உடலில் பி12 இல்லை, அதனால் பாலிலும் இல்லை. வைட்டமினைக் கொடுத்ததும் குழந்தைகள் தேறினார்கள். பி12 பாலிலும் முட்டையிலும் மீனிலும் இறைச்சியிலும்தான் உண்டு. கீரையிலும் பருப்பிலும் கிடையாது. கறி வாங்க வழியில்லாமல், பாலும் வீட்டுக்கு வராமல் சைவமாகிப்போன தாய்மார் நம் ஊரில் நிறைய. நவீன முறையில் பாலையும் துறந்து முழுத் தாவர உணவுக்கு மாறிய தாய்மாரும் இப்போது வருகிறார்கள். காரணம் எதுவானாலும் குழந்தைக்கு வரும் நோய் ஒன்றுதான். இருவருக்கும் கர்ப்ப காலத்திலேயே பி12 மாத்திரை கொடுத்தால் முடிந்தது.

குறுகிய உணவைப் பெரியவர்களே திணிப்பதும் உண்டு. 2001-இல் அட்லாண்டா மருத்துவர்கள் அறிவித்த ஒரு குழந்தைக்குப் பால் ஒவ்வாது என்று வீட்டார் அரிசியில் செய்த கடைப் பானத்தைப் பாலுக்குப் பதிலாகக் கொடுத்து வந்தார்கள். அதில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். கானாவில் சிசிலி வில்லியம்ஸ் 1930-களில் விவரித்த குவாஷியோர்கர் என்ற புரதக்குறைவு நோய், எல்லாம் கிடைக்கிற அமெரிக்க நகரத்துக் குழந்தைக்கு வந்தது. நம்மிடமும் ஆட்டிசப் பிள்ளைக்குக் கோதுமையையும் பாலையும் நிறுத்தச் சொல்லும் ஆலோசனை வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. ஏற்கெனவே ஆறு பொருள் மட்டும் உண்ணும் பிள்ளையிடமிருந்து இரண்டைப் பிடுங்கும் இந்த யோசனைக்கு உறுதியான சான்று இல்லை. சொல்பவர்கள், அந்தக் கால்சியத்துக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாகிறது. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு மிரள்வது இயல்பு. ஆனால் சிலருக்கு அது போவதில்லை. 2019-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் எழுதிய பையன் ஆரம்பப் பள்ளி நாளிலிருந்தே வறுத்த உருளைக்கிழங்கு, சிப்ஸ், வெள்ளை ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி இவற்றோடு நின்றுவிட்டான். வேறு உணவின் பதம் அவனுக்கு ஆகவில்லை. 14 வயதில் சோர்வென்று வந்தபோது பி12 குறைவு தெரிந்தது. ஊசி போட்டார்கள், சிகிச்சை தொடரவில்லை. 17 வயதுக்குள் பார்வையை நிரந்தரமாக இழந்தான். உயரமும் எடையும் இயல்பு. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இத்தகைய நிலைக்குத் தனிப் பெயரே கொடுத்தது. ஆர்ஃபிட் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். மெலிய வேண்டும் என்ற ஆசை இதில் கிடையாது. உணவின் மணம், பதம், நிறம், தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயம் இவைதான் காரணம்.

சரி, என்ன செய்வது? பிள்ளை தானாகவே தேவையானதைத் தேர்ந்தெடுக்கும், விட்டுவிடுங்கள் என்போர் கிளாரா டேவிஸை மேற்கோள் காட்டுவார்கள். 1920-களின் பிற்பகுதியில் தொடங்கி, பால்குடி மறந்த குழந்தைகள் முன் 34 வகை உணவை வைத்து எதையும் சொல்லாமல் காத்திருந்தவர் அவர். குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். ஆனால் அந்த 34-இல் சர்க்கரையும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. சூட்சுமம் பட்டியலில்தான் இருந்தது என்று 1939-இல் டேவிஸே எழுதிவிட்டார். அதோடு, மணம் கண்டு ஓடும் பிள்ளைக்கு அந்த ஆய்வு பொருந்தாது.

வாயைப் பிளந்து திணிப்பது நிச்சயம் வழியில்லை. போன் காட்டி ஊட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. படம் பார்க்கும் பிள்ளை வாயில் விழுவதைப் பார்ப்பதில்லை. பார்க்காத உணவோடு எப்படிப் பழகும்? லீயான் பிர்ச் போன்றோரின் ஆய்வுகளில், ஒரு புதிய உணவை ஏற்கச் சிறு பிள்ளைக்குப் பத்து, பதினைந்து தடவைகூட அதைச் சந்திக்க வேண்டியிருந்தது. வீட்டில் நாலைந்து தடவையில் "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

ஆட்டிசப் பிள்ளைக்கு இன்னும் நுணுக்கமாகப் போக வேண்டும். வெறும் தோசை உண்பவனுக்கு அதே தோசை மாவில் கால் கரண்டி கேரட் சாறு. அடுத்த வாரம் அரைக் கரண்டி. நிறம் மாறுவதை அவன் கண் ஏற்றுக்கொள்ளும் வேகத்தில்தான் நாமும் நகர வேண்டும். ஓர் எச்சரிக்கை: அவன் நம்பிக் குடிக்கும் ஒரே பாலில் மருந்தைக் கலந்துவிடாதீர்கள். அவன் நாக்கு கண்டுபிடித்துவிடும். மருந்தும் போகும், பாலும் போகும். மருந்துக்குத் தனிக் கிண்ணம், தனி நேரம், முன்கூட்டியே சொல்லிவிட்டு.

ஸ்கர்விக்கு வைட்டமின் சி கொடுத்தால் ஓரிரு நாளில் வலி அடங்கும், சில வாரங்களில் பிள்ளை நடக்கும். விலை மிகக் குறைந்த மருந்து. ஆனால் வீடு திரும்பியதும் அதே தோசை, அதே தயிர்ச்சோறு. மாத்திரையை நிறுத்தினால் சில மாதங்களில் மறுபடியும் நொண்டுவான். உணவுப் பயிற்சி தரத் தெரிந்த சிகிச்சையாளர் பெரிய நகரங்களைத் தாண்டினால் அரிது. மாவட்டங்களில் இளம் குழந்தைகளுக்கான இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே இதற்கென்று ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கோரிக்கை, இங்கே வந்திருக்கும் அதிகாரிகளிடம். 2013-இல் தொடங்கிய சிறார் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் சத்துக்குறைவு என்ற தலைப்பின்கீழ் ஐந்து நோய்கள்: கடும் சோகை, வைட்டமின் ஏ குறைவு, வைட்டமின் டி குறைவு, கடும் மெலிவு, முன்கழுத்துக் கழலை. ஆறாவதாக ஒரு நோயைச் சேர்க்கச் சொல்லவில்லை. பரிசோதனை அட்டையில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்று காலை முதல் இரவு வரை குழந்தை என்னென்ன சாப்பிட்டது? முன்பு சாப்பிட்டு இப்போது அறவே விட்டுவிட்டது எது? இதைக் கேட்க ஊசியோ கருவியோ வேண்டாம், அங்கன்வாடிப் பணியாளரே கேட்கலாம். பட்டியல் பத்துக்குக் கீழே போனாலோ, பழம், காய், கீரை என்ற வரிசையே காலியாக இருந்தாலோ, எடை என்ன சொன்னாலும் அந்தப் பிள்ளையை மருத்துவரிடம் அனுப்புங்கள். கேட்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், குறைசொல்லும் குரல் வேண்டாம்; இல்லாவிட்டால் "எல்லாம் சாப்பிடுவான்" என்ற பதில்தான் வரும்.